எபெனை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்: 'ஜன்னல்கள்' அல்லது 'யோபு'

செக் இசையமைப்பாளர் பெட்ர் எபெனை (1929–2007) புதிதாகக் கேட்க வருபவர்கள் 'ஜன்னல்கள்', 'யோபு' என்ற இந்த இரண்டு படைப்புகளில்தான் தடுமாறுகிறார்கள்.

கருவி: 'ஜன்னல்கள்' (1976) டிரம்பெட்டும் ஆர்கனும் (தேவாலயங்களில் ஒலிக்கும் பெரிய குழாய்க் கருவி). 'யோபு' (1987) ஆர்கன் மட்டும். இடையிடையே பைபிள் வசனம் வாசிக்க ஒரு குரல்.

அளவு: முன்னதில் நான்கு பகுதிகள், பின்னதில் எட்டு. முன்னதைச் சமைத்துக்கொண்டே கேட்கலாம், பின்னதை முடியாது.

கரு: ஜெருசலேமில் ஓவியர் மார்க் ஷகால் வரைந்த பன்னிரண்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் நீலம், பச்சை, சிவப்பு, பொன் ஆகிய நான்கை எடுத்துக்கொண்டது முதலாவது. டிரம்பெட் வெளிச்சம் போலப் பாயும். 'யோபு' வேறு உலகம்: பைபிளில் வரும் யோபு, எல்லாம் இழந்த மனிதன், கடவுளோடு வழக்காடுகிறான். பதின்வயதில் நாஜிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் அடைபட்ட எபென் இந்தக் கதையைத் தொட்டார் என்பதை மறந்துவிட்டுக் கேட்க என்னால் முடிவதில்லை. கிரிகோரியன் மெட்டுகள் (பழைய கத்தோலிக்க வழிபாட்டுப் பாடல் மெட்டுகள்) வரும் இடங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆர்கன் பழக்கமில்லை என்றால் 'ஜன்னல்கள்'. ஒரு மாலை முழுக்க ஒதுக்க முடியும், கதை தெரியும் என்றால் நேராக 'யோபு'. வசனம் வாசிக்கும் பதிவாகப் பார்த்து எடுங்கள்.