வயர் இல்லாத சைக்கிள் மீற்றர்: ரெண்டு வருசம் ஓடின அனுபவம்

2022 ல இலங்கையில பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் வரிசையில நிண்டு களைச்சுப்போய் மோட்டச்சைக்கிளை மூடி வச்சிட்டு பழைய சைக்கிளை எடுத்தனான், விசுவமடுவில இருந்து பரந்தனுக்கு வேலைக்கு, பிறகு பெற்றோல் வந்தும் சைக்கிளை விட மனம் வரேல்ல. அடுத்த வருசம்தான் இந்த மீற்றர் வாங்கினன், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. முன் சில்லுக் கம்பியில ஒரு காந்தம், ஃபோர்க்கில சென்சர், ஹாண்டிலில ஸ்கிரீன், அவ்வளவுதான். சில்லு ஒருக்கா சுத்தி காந்தம் சென்சரைத் தாண்டேக்க ஒரு சிக்னல் போகும், சில்லின்ர சுத்தளவை வச்சு மீற்றர் வேகத்தையும் தூரத்தையும் கணக்குப் போடும்.

அந்தச் சுத்தளவிலதான் எல்லாமே இருக்கு. கனபேர் பூட்டினவுடன ஓடத் தொடங்கிட்டு உது பிழையாக் காட்டுது, மலிவுச் சாமான் எண்டு கழட்டி எறியிறாங்கள், எனக்கு அது உண்மையிலயே கவலை. எனக்கு வந்ததில 2124 மில்லிமீற்றர் எண்டு போட்டிருந்தது, என்ர ரயர் 26 இஞ்சி, தடிப்பு ஒண்டே மூண்டெட்டு (1 3/8). ஏ9 றோட்டில கிலோமீற்றர் கல்லுக்குக் கல்லு அஞ்சு கிலோமீற்றர் ஓடிப் பாத்தன், 5.19 காட்டினது. பிறகு வீட்டு முத்தத்துச் சீமெந்தில சோக்கால கோடு போட்டு, ரயரில வால்வு இருக்கிற இடம் கீழ வரப் பிடிச்சு, நான் ஏறி இருக்க தம்பி பிடிச்சு உருட்டினவன், மூண்டு சுத்து, அளந்து மூண்டால பிரிச்சா 2045. ஆள் ஏறி இருக்கோணும், இல்லாட்டி ரயர் அமத்துப்படாமல் அளவு கூட வரும், காத்தும் வழமையா அடிக்கிற அளவுக்கு அடிச்சிருக்கோணும். அதைப் போட்டிட்டு திரும்பவும் அதே கல்லுகளுக்கு இடையில ஓடினா 5.00.

காந்தத்துக்கும் சென்சருக்கும் இடையில ஒரு அஞ்சு மில்லிமீற்றருக்கு மேல இடைவெளி விடக்கூடாது, கிரவல் ஒழுங்கையில ஓடி ஓடி சென்சர் திரும்பிப்போகும், நான் அடியில பழைய ரியூப் துண்டொண்டை வச்சு கேபிள் ரை போட்டு இறுக்கினாப் பிறகு அசையேல்ல. இருட்டுக்க மலிவு எல்இடி லைற்றைப் பக்கத்தில பூட்டினா சைக்கிள் நிண்ட இடத்திலயே வேகம் 60, 70 எண்டு ஓடும், லைற்றுத்தான் சிக்னலைக் குழப்புது, ஹாண்டிலின்ர மற்றப் பக்கத்துக்கு மாத்தினன், சரியாப் போச்சு.

சென்சர், ஸ்கிரீன் ரெண்டிலயும் 2032 எண்ட வட்டப் பற்றரி. சென்சரில எட்டு மாசம், ஸ்கிரீனில பதினாலு மாசம் நிண்டது. ஓடிக்கொண்டிருக்கேக்க வேகம் திடீரெண்டு பூச்சியத்துக்கு விழுந்து திரும்ப வந்தா முதல்ல சென்சர் பற்றரியை மாத்திப் பாருங்கோ. ஸ்கிரீன் பற்றரியைக் கழட்டினா மொத்தத் தூரம் அழிஞ்சுபோகும், அதால கழட்ட முதல் கொப்பியில எழுதி வச்சிட்டு பிறகு திருப்பி அடிச்சு விடுவன், எல்லா மீற்றரிலயும் இந்த வசதி இல்லை, வாங்கேக்க கேட்டு வாங்குங்கோ. மாரியில ரெண்டுதரம் தண்ணி உள்ள போய் பற்றரி தொடுற தகட்டில பச்சை பிடிச்சது, துடைச்சுக் காயவிட்டன். வெய்யிலுக்க சைக்கிளை விட்டா ஸ்கிரீன் கறுத்துப்போகும், நிழலுக்க வந்தா தெளியும். எப்பிடியும் சந்தைக்குப் போனா ஸ்கிரீனைக் கழட்டிப் பொக்கற்றுக்க போடுறதுதான் நல்லது.

இது வந்தாப் பிறகுதான் என்ர றோட்டு எனக்கு விளங்கினது. சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கேக்க காலமை பரந்தன் பக்கம் உழக்கினா 13, 14 தான், பின்னேரம் அதே காத்து முதுகில தள்ள 20 க்கு மேல போகும், வடகிழக்கு வாடைக்கு அப்பிடியே தலைகீழ். முந்தி இதெல்லாம் இண்டைக்கு எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டு நினைச்ச நாளுகள். இப்ப 14 எண்டு கண்டா காத்துத்தான் எண்டு தெரியும், மூச்சு வாங்கக் கஷ்டப்பட்டு மிதிக்காமல் அந்த வேகத்திலயே போவன், பத்து நிமிசம் முந்தி வெளிக்கிடுவன். பின் ரயர் 5,800 கிலோமீற்றரில நூல் தெரிஞ்சது எண்டும் கொப்பியில இருக்கு, அடுத்ததுக்கு எப்ப காசு சேக்கோணும் எண்டு இப்பவே தெரியும்.

இண்டைக்குக் காலமை மொத்தம் 14,312 கிலோமீற்றர். போன மாசம் முன் ரயர் மாத்தினன், கொஞ்சம் தடிப்புக் கூடினது, திருப்பி உருட்டி அளந்தா 2058, அதைப் போட்டிட்டுத்தான் ஓடுறன்.