தமிழ்99-ஓடு விம் ஓட்டலாமா?

பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) துப்பும் எழுத்தில் பிழை பார்ப்பது என் வேலை. புதிதாகத் தட்டுவது குறைவு. இருக்கிற வரிகளுக்குள் ஓடுவதுதான் நாள் முழுக்க. தட்டுவது தமிழ்99 விசைப்பலகை அமைப்பில். அம்புக்குறி விசைகள், ஈமேக்ஸ், விம் என்ற இரண்டு எடிட்டர்கள், ஆக மூன்றிலும் ஓடிப் பார்த்தாயிற்று.

அம்புக்குறியை நான் மட்டமாகப் பேச மாட்டேன். கண்ட்ரோலோடு அழுத்தினால் சொல் சொல்லாகத் தாவும், அநேகமாக எந்த எடிட்டரிலும் செல்லுபடியாகும். ஆனால் வலது கை ஒவ்வொரு தடவையும் நடுவரிசையை விட்டுப் போய்வர வேண்டும். சாயங்காலம் மணிக்கட்டு கணக்குக் கேட்கும்.

ஈமேக்ஸில் கை நகராது. கண்ட்ரோலோடு 'என்' (N) அடித்தால் கீழ்வரி, 'பி' (P) அடித்தால் மேல்வரி. தமிழ் ஆனில் இருந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். சுண்டுவிரல்தான் பாவம். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றியும் நாலு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

விம்மில் எச், ஜே, கே, எல்தான் இடது, கீழ், மேல், வலது. 1976-இல் பில் ஜாய், விம்மின் மூதாதையான விஐ எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நாலு விசை மேலேயே அம்பு அச்சடித்திருந்தது. என் தமிழ்99-இல் அவை க, ப, ம, த. எஸ்கேப் அடித்தால்தான் விம் எழுத்து விசைகளைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதை அடித்துவிட்டு ஜே தட்டினால் விம்முக்குப் போவது 'ப'. சரி, 'ப' வந்தால் ஜே என்று எடுத்துக்கொள் என விம்மின் லாங்மேப் அமைப்பில் எழுதிவைத்தேன். ஒரு வரி இறங்கியது. இரண்டு தட்டினால் தமிழ்99 சமர்த்தாகப் புள்ளி வைத்து 'ப்ப' என்று நீட்டுகிறது, விம் திருதிருவென்று முழிக்கிறது! எஸ்கேப் அடித்ததும் தமிழை அணைக்கச் சொல்லி தமிழ்த் தட்டச்சைக் கவனிக்கும் எஃப்சிடிஎக்ஸ்5 மென்பொருளுக்கு ஒரு கட்டளையை விம்மின் அமைப்புக் கோப்பில் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தது.

இவ்வளவு பாடுபட்டும் விட மனசு வராததற்குக் காரணம் அந்த நாலு விசை இல்லை. பழைய அச்சில் கால் எழுத்தும் (ா) ரகரமும் ஓசிஆருக்கு ஒன்றுதான். 'காடு' எல்லாம் 'கரடு' ஆகிவிடும். மொத்தமாக மாற்றினால் உண்மையான கரடுமுரடும் காடாகும். ஆகவே 'கரடு' என்று தேடி, சி, ஜி, என் (தேடிக் கிடைத்ததை மாற்று என்று அர்த்தம்) அடித்து, 'காடு' எழுதி எஸ்கேப். அப்புறம் என் அடித்தால் அடுத்த கரடு. தப்பென்றால் ஒரு முற்றுப்புள்ளி விசை, அதே திருத்தம் மறுபடி நடக்கும்; சரியென்றால் மறுபடி என். இரண்டே விசையில் ஒரு முழு அத்தியாயம் முடிகிறது. இதற்காகவே ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

ஒன்றைக் குறைத்தது தேடல் வரி. அங்கே தமிழை நானேதான் ஆன் செய்ய வேண்டும். நேற்றும் மறந்துபோய் 'கரடு' தட்ட, அதே விசைகள் ஆங்கிலத்தில் விழுந்து, 'எச்எம்ஓடி' அப்படி எதுவும் இல்லை என்றது விம்.