ஸென் 32-பிட் பிவி கெஸ்ட்: கெர்னலை விட்டுப் போன பிறகு ஒரு நீண்டகால அனுபவம்

2020 அக்டோபரில் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.9-இல், ஸென் ஹைப்பர்வைசருக்கான 32-பிட் பிவி கெஸ்ட் ஆதரவை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஹைப்பர்வைசர் என்பது ஒரே மெஷினில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். அந்த மெய்நிகர் மெஷின்தான் கெஸ்ட். கெஸ்ட்டின் கெர்னலையே ஹைப்பர்வைசருக்கு ஏற்பத் திருத்தி ஓட்டும் முறை பிவி (பாராவிர்ச்சுவலைசேஷன்). அந்த முறையில் பல வருடம் சர்வர் ஓட்டியிருக்கிறேன். அது போன பிறகும் அதே சர்வர்களை வேறு முறையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எடுத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எடுக்கப் போகிறோம் என்று கொடுத்த எச்சரிக்கை என்னைப் போன்றவர்கள் கண்ணில் படவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதலில், இதை ஏன் இவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய எக்ஸ்86 சிப்களில் சில கட்டளைகள், அதிகாரம் குறைந்த நிலையில் ஓடினால் பிழை எழுப்பாமல் பேசாமல் இருந்துவிடும். ஹைப்பர்வைசருக்கு விஷயமே தெரியாது. அதனால்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸென்னை உருவாக்கியவர்கள் கெஸ்ட் கெர்னலையே திருத்தி, முக்கியமான வேலைகளை ஹைப்பர்வைசரிடம் நேராகக் கேட்டு வாங்கும்படி செய்தார்கள். சிப்பின் அதிகார நிலைகளை ரிங் என்பார்கள், ரிங் 0-க்குத்தான் அதிகாரம் அதிகம். 32-பிட்டில் ஸென் ரிங் 0-இல், கெஸ்ட் கெர்னல் ரிங் 1-இல், அப்ளிகேஷன்கள் ரிங் 3-இல் இருக்கும். செக்மென்ட் எல்லைதான் (நினைவகத்தில் எதுவரை தொடலாம் என்று சிப் வைக்கும் வரம்பு) கெஸ்ட் கெர்னலை ஸென்னின் நினைவகத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. 64-பிட்டில் அந்த எல்லை கிடையாது. கெஸ்ட் கெர்னலும் அப்ளிகேஷனோடு ரிங் 3-க்கே இறங்க வேண்டியிருந்தது. அப்ளிகேஷன் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் ஒவ்வொன்றும் ஹைப்பர்வைசர் வழியாகச் சுற்றிப் போனது. ஆகவே 64-பிட் ஸென் மேல் 32-பிட் கெஸ்ட் ஓட்டுவது அப்போது பிடிவாதம் அல்ல, நல்ல தேர்வுதான்.

நிலைமையை மாற்றியது மெய்நிகர் மெஷின்களுக்காகச் சிப்களில் வந்த வன்பொருள் ஆதரவு. பேஜ் டேபிள் (நினைவக முகவரிகளின் அட்டவணை) வேலையைச் சிப்பே பார்க்கத் தொடங்கியதும் பிவியின் ஆதாயம் கரைந்தது. அப்புறம் 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் ஓட்டை வெளியானது. 32-பிட் பிவி கெஸ்ட்டிலிருந்து ஸென்னின் நினைவகத்தைப் படிக்க முடியாது. அந்த முகவரிகள் 32-பிட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ஆனால் கெஸ்ட்டுக்குள் ஓடும் ஒரு சாதாரண அப்ளிகேஷன், அதே கெஸ்ட்டின் கெர்னல் நினைவகத்தைப் படிக்க முடியும். சாதாரண 32-பிட் லினக்ஸுக்கு 4.19-இல் இதற்குத் தடுப்பு வந்தது. பிவிக்கு வரவே இல்லை. ஒரே கெஸ்ட்டில் பலருக்கு லாகின் கொடுத்திருந்தவர்கள் அன்றைக்கே அதை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

சரி, எச்சரிக்கை விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் கெர்னலில் ஓர் அறிவிப்பு சேர்த்தார்கள். 32-பிட் பிவியாக பூட் ஆனால், இந்த ஆதரவு விரைவில் போகப் போகிறது, 64-பிட் கெர்னலுக்கோ எச்விஎம், பிவிஎச் முறைக்கோ மாறுங்கள் என்று லாகில் வரும். எச்விஎம், பிவிஎச் இரண்டும் சிப்பின் வன்பொருள் ஆதரவில் கெஸ்ட்டை ஓட்டும் முறைகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் ஓட்டும் லினக்ஸ் டிஸ்ட்ரோ (தொகுப்பு) டெபியன். டெபியன் 10-இல் இருந்தது கெர்னல் 4.19, டெபியன் 11-இல் வந்தது 5.10. எச்சரிக்கை இருந்த கெர்னல்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து போய்விட்டன. டிஸ்ட்ரோ கொடுப்பதை மட்டும் ஓட்டும் என் சர்வர்களில் அப்கிரேடுக்கு முந்தைய நாள் வரை ஒரு வரி கூட வரவில்லை. அப்கிரேடு முடிந்து மறுபடி பூட் செய்ததும் கெஸ்ட் எழவில்லை. ஒரு வசதியை எடுப்பவர்கள், நீண்டகால ஆதரவுள்ள பழைய கிளைகளிலும் இந்த அறிவிப்பைச் சேர்ப்பதை வழக்கமாக வைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றம் நினைத்ததைவிட எளிது. சர்வரைப் புதிதாக நிறுவத் தேவையில்லை. 32-பிட் அப்ளிகேஷன்களை அப்படியே விட்டுவிட்டு கெர்னலை மட்டும் 64-பிட்டாக மாற்றலாம். டெபியனில் ஏஎம்டி64 என்ற 64-பிட் கட்டமைப்பைக் கூடுதலாகச் சேர்த்து, அதன் கெர்னல் பேக்கேஜை மட்டும் நிறுவினால் போதும். என் கெஸ்ட்களில் பாதி இன்றும் இப்படித்தான் ஓடுகின்றன. தொல்லை இரண்டு இடத்தில் வந்தது. மெஷின் வகையைச் சொல்லும் யுனேம் கட்டளை 64-பிட் என்று பதில் சொல்வதால் சில பழைய பில்டு ஸ்கிரிப்டுகள் குழம்பும். அவற்றை 'லினக்ஸ்32' கட்டளை வழியாக ஓட்டினால் சரியாகிவிடும். இன்னொன்று, விபிஎன்களில் பயன்படும் குறியாக்க முறையான ஐபிசெக். 64-பிட் கெர்னலோடு 32-பிட் ஐபிசெக் கருவிகள் நெடுங்காலம் பேச முடியாமல் இருந்தன. 5.10-இல்தான் அதற்கான இணக்க வசதி வந்தது, அதுவும் கெர்னல் கட்டும்போது சேர்த்திருந்தால்தான். விபிஎன் ஓடும் கெஸ்ட் என்றால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

மீதிப் பாதியைப் பிவிஎச்சுக்கு மாற்றினேன். கான்பிக் ஃபைலில் 'டைப்' வரியில் 'பிவி' இருந்த இடத்தில் 'பிவிஎச்' என்று போட்டேன். டிஸ்க் பெயர்களும் கன்சோலும் முன்பு போலவே இருந்தன, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் தொடவே இல்லை. வேகத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. புதுப்புது பிராசஸ்களைத் தொடங்கிக்கொண்டே இருக்கும் வேலைகளில், கம்பைல் செய்வது போன்றவற்றில், பிவிஎச் தெளிவாக முந்துகிறது. பேஜ் டேபிளைத் தொடும்போதெல்லாம் ஸென்னிடம் போய் நிற்கும் வேலை இப்போது இல்லை.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். வன்பொருள் ஆதரவு இல்லாத பழைய மெஷின்களில் பிவி மட்டும்தான் வழி. அங்கே இனி 64-பிட் பிவிதான். பிசிஐ கார்டை நேராக கெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பிவிஎச் உதவாது, எச்விஎம் பக்கம் போக வேண்டும்.

இன்னும் 32-பிட் பிவியில் இருப்பவர்களுக்கு ஒன்று. அந்த ஆதரவு இருந்த கடைசி நீண்டகாலக் கிளை 5.4. அதன் பராமரிப்பும் 2025 டிசம்பரில் முடிந்துவிட்டது. ஸென் 4.14 முதல் ஹைப்பர்வைசரையே 32-பிட் பிவி ஆதரவு இல்லாமல் கட்ட முடியும் என்பதால், அடிப்படை மெஷினை வேறு யாராவது பராமரித்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கெஸ்ட்டை நகல் எடுத்து, நகலில் 64-பிட் கெர்னலைப் போட்டு பூட் செய்து பார்த்த பிறகு அசலைத் தொடுங்கள்.