கச்சான் காற்றில் அம்பாசடர்: பவர் இல்லாத ஸ்டீயரிங் எப்படி?

வண்டி: மார்க் 4 அம்பாசடர், 1,489 சிசி பெட்ரோல். பாதை: ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக, தனுஷ்கோடி முனையில் உள்ள அரிச்சல்முனை.

அம்பாசடருக்கு ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்: ஸ்டீயரிங் தண்டின் பல்சக்கரம் (பினியன்) ஒரு பல்தண்டை (ராக்) இடமும் வலமும் நகர்த்தும். சக்கரத்துக்கும் கைக்கும் நடுவில் ஹைட்ராலிக் பம்போ மோட்டாரோ கிடையாது. அதனால் நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும். அரண்மனைப் பக்கத்துக் கடைவீதியில் வண்டியை ஒதுக்கும்போது, ஒரு சாண் உருளவிட்டு, உருளும்போதே திருப்ப வேண்டும். நிறுத்தி வைத்து முறுக்கினால் டயரும் தேயும், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனைகளும் சீக்கிரம் போகும். முன் டயரில் காற்று 4, 5 பிஎஸ்ஐ குறைந்தாலே கனம் கூடிவிடும். அழகுக்காக அகல டயர் போடவே கூடாது.

இந்த ஸ்டீயரிங்கின் அருமை தெரியும் இடம் பாம்பன் பாலம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் ராமேஸ்வரம் நோக்கிப் போனால் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். வண்டி இடது கைப்பிடிச் சுவர் பக்கம் சாயும். அதற்கு ஈடாக ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்தே ஓட்டுவோம். எதிரே பஸ் வந்ததும் காற்று மறைந்துவிடும். அந்த நொடியில் கையில் இருந்த பாரம் சட்டென்று இறங்கும். அப்போதே பிடியைத் தளர்த்தாவிட்டால் வண்டி பஸ் பக்கம் போகும். பஸ் கடந்ததும் பாரம் திரும்ப வரும். பவர் ஸ்டீயரிங்கில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அமுங்கிப்போகும். இதில் உள்ளங்கையிலேயே தெரிகிறது. ஆனால் ஒரு கையில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பாலம் வேண்டாம்.

தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் தார் மேல் மணல் ஏறிக் கிடக்கும். முன் டயர் மணலில் ஏறியதும் பிடிமானம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதுதான் எச்சரிக்கை: ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டீயரிங் நேராகவே இருக்கட்டும். தார் வந்ததும் கனம் தானே திரும்பும்.

இத்தனையும் ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருந்தால்தான். இந்தக் கரையில் அதைக் கெடுப்பது உப்பும் மணலும். ராக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட் (உறை) கிழிந்தால், உள்ளே இருக்கும் எண்ணெய் ஒழுகி மணல் புகுந்துவிடும். பிறகு பல் தேய்வதற்கு அதிக நாள் ஆகாது. பூட் சின்னச் சாமான்தான். வெடிப்பு கண்டதுமே மாற்றிவிட வேண்டும். முன் சக்கர மூட்டுகளில் கிரீஸ் ஏற்றும் துளைகளான நிப்பிள்களில், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதுசு வரும் வரை கிரீஸ் அடிக்க வேண்டும். அரிச்சல்முனை போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவதும் அவசியம். தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத வண்டி. துரு பிடித்தால் உடம்பே போச்சு.

உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால் இனி வாங்குவது பழைய வண்டிதான். வாங்கும்முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் மூட்டுத் தேய்மானம். இடமும் வலமும் ஆட்டினால் தெரிவது டை ராடு. அடுத்து ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ராக் பெரும்பாலும் நடுவில்தான் தேயும். அதனால் வரும் பிளேயை (ஆட்டத்தை) மறைக்க, இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடான சிம்மை எடுத்து இறுக்கியிருந்தால் நடுவில் சரியாக இருக்கும், ஓரங்களில் இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அப்படிப்பட்ட வண்டியை, ராக் மாற்றும் செலவை விலையில் கழிக்காமல் எடுக்காதீர்கள்.