வேலைநீக்கக் கடிதம் வந்ததா? 60 நாளை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்

மலேசியாவில் வேலை போனவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த என் தம்பியை, விசாரணைகூட வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் வழக்கு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் 800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, "தம்பி, நீங்க அலைய வேணாம். கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டாச்சு, பதில் வரட்டும்" என்றார். எப்போது கேட்டாலும் இதே பேச்சுதான். ரசீதில் 'ஃபைல் ஓபனிங்' என்று மட்டும் இருந்தது. எந்த இலாகாவில், என்ன எண் என்று ஒரு எழுத்தும் இல்லை. கம்பெனியும் தன் பங்குக்கு, 'உங்கள் மேல்முறையீடு பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் அனுப்பி இழுத்தடித்தது.

சந்தேகப்பட்டு நாங்களே, வேலைநீக்க மனுக்களை வாங்கும் தொழிலுறவு இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அதிகாரி கடிதத்தில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்து நாட்களை எண்ணினார். மனு போட வேண்டிய 60 நாள் தாண்டிவிட்டது. எங்கள் பெயரில் எந்த மனுவும் அங்கே இல்லை.

1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதுதான்: வேலைநீக்கம் செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் இந்த இலாகாவில் மனு போட வேண்டும். சனி, ஞாயிறும் சேர்த்தி. நோட்டீஸ் கொடுத்து நிறுத்தினால், அந்த நோட்டீஸ் முடியும் நாளிலிருந்து கணக்கு. நோட்டீஸ் ஓடும்போதே போடலாம். காலம் தாண்டிய மனுவை எடுத்துக்கொள்ள அந்த இலாகாவின் தலைமை இயக்குநருக்கே அதிகாரம் இல்லை. வக்கீல் நோட்டீஸோ, கம்பெனிக்குள் போடும் மேல்முறையீடோ, ஆள்பல இலாகாவில் கொடுக்கும் சம்பளப் புகாரோ இந்த 60 நாளை நிறுத்தி வைக்காது.

இழப்பு சின்னதில்லை. இந்த மனு இண்டஸ்ட்ரியல் கோர்ட் வரை போய் ஜெயித்தால் 24 மாதம் வரை சம்பள பாக்கி கிடைக்க வழியுண்டு. சிவில் கோர்ட்டில் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு சரி. பிரிவு 20 மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்குப் போய் 800 ரிங்கிட்! நினைத்தாலே வயிறு எரிகிறது.

இப்போது யாராவது உங்களிடமும் "பதில் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக் காலையே கடிதத்தோடு தொழிலுறவு இலாகாவுக்கு நேரில் போய், உங்கள் பெயரில் மனு பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.