ஹாபி சிஎன்சி மில்: பெல்ட் டிரைவா, நேரடி கப்ளிங்கா?

ஒரு சுற்றுக்கு டேபிளை 5 மி.மீ. நகர்த்தும் (5 மி.மீ. லீடு) பால் ஸ்க்ரூ போட்ட, கணினி இயக்கும் சின்ன மில்லுக்கு என் பரிந்துரை இதுதான்: ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) என்றால் நேரடி கப்ளிங் (மோட்டாரையும் ஸ்க்ரூவையும் நேராக இணைப்பது), சர்வோ (தன் நிலையை அளந்து திருத்திக்கொள்ளும் மோட்டார்) என்றால் 2:1 பெல்ட் (மோட்டார் இரண்டு சுற்று, ஸ்க்ரூ ஒரு சுற்று). கிட் வாங்கும் முன் காரணத்தையும் பார்த்துவிடுங்கள்.

"பெல்ட் இழுபடும், துல்லியம் போய்விடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் தெளியும். 1605 ஸ்க்ரூவின் (16 மி.மீ. விட்டம், 5 மி.மீ. லீடு) முனையில் 40 பல் உள்ள எச்டிடி 5எம் (பல் இடைவெளி 5 மி.மீ.) புல்லி இருக்கிறது என்று வையுங்கள். அதன் பிட்ச் சுற்றளவு 200 மி.மீ. பெல்ட் 200 மி.மீ. ஓடினால்தான் டேபிள் 5 மி.மீ. நகரும். பெல்ட்டில் 0.05 மி.மீ. தளர்வு இருந்தாலும் டேபிளுக்கு வருவது நாற்பதில் ஒரு பங்கு, 0.00125 மி.மீ.தான். ஸ்க்ரூவைத் தாங்கும் பேரிங் பிளாக்கில் அதே 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால் அது குறையாமல் ஜாபில் தெரியும். டயல் கேஜை வைத்து டேபிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். முள் அசைந்தால் முதலில் பேரிங்கையும் பால் ஸ்க்ரூவின் நட்டையும் சரி பாருங்கள். (பெல்ட்டே நேராக, கருவியைத் தாங்கும் கேன்ட்ரியை இழுக்கும் ரௌட்டர்களில் தளர்வு இப்படிக் குறையாது. கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது.)

விலை குறைந்த கிட்களில் வரும் 6 மி.மீ. அகல ஜிடி2 (பல் இடைவெளி 2 மி.மீ.) பெல்ட் 3டி பிரிண்டருக்குச் சரி, மில்லுக்கு வேண்டாம். 15 மி.மீ. அகல 5எம் வாங்குங்கள். 20:40 புல்லிக்கு 300 மி.மீ. பெல்ட் போட்டால் மைய தூரம் சுமார் 73.3 மி.மீ. வரும்; சின்ன புல்லியில் எட்டுப் பல்லுக்கு மேல் பிடிக்கும், ஆறுக்குக் குறையக் கூடாது. டென்ஷன் வைக்க மோட்டார் பிளேட்டில் துளைக்குப் பதில் நீள ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். கிடார் கம்பி போல முறுக்கிவிடாதீர்கள். மோட்டாரின் முன் பேரிங் போய்விடும். நீமா 23 (முகம் சுமார் 2.3 அங்குலம்) மோட்டார்கள் பலவற்றில் பக்கவாட்டுச் சுமை வரம்பு 75 நியூட்டன் அளவில்தான் இருக்கிறது.

நடைமுறையில் அதிகம் தொந்தரவு தருவது புல்லியை ஷாஃப்ட்டில் பிடிக்கும் தலையில்லாத சின்ன கிரப் ஸ்க்ரூதான். வழவழப்பான ஷாஃப்ட்டில் அது மெல்ல வழுக்கும். அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போகும், எதனால் என்று பிடிபடாது. ஷாஃப்ட்டில் தட்டையான முகம் அரைத்து, 90 டிகிரி இடைவெளியில் இரண்டு கிரப் ஸ்க்ரூ போட்டு, லாக்டைட் 243 (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) தடவுங்கள். கிளாம்ப் ஹப் புல்லி கிடைத்தால் இன்னும் நல்லது. ஷாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று போட்டு வைத்தால் வழுக்கியது உடனே தெரியும். பெல்ட்டுக்கு மூடி கட்டாயம்: பல்லுக்கு இடையில் ஒரு சிப் சிக்கினாலே பெல்ட் தாவிவிடும்.

கப்ளிங்கில் தவிர்க்க வேண்டியது சுருள் வெட்டு போட்ட அலுமினிய வகை. அது முறுக்கிக்கொடுக்கும், நாளடைவில் வெட்டின் ஓரத்தில் விரிசல் விடும். 5 மி.மீ. லீடில் ஒரு டிகிரி முறுக்கு என்பது 0.014 மி.மீ. ஸ்டெப்பருக்கு இறுக்கமான ஸ்பைடர் (நடுவில் வரும் ரப்பர் போன்ற துண்டு) உள்ள ஜா கப்ளிங் போதும். அதிர்வையும் கொஞ்சம் உள்வாங்கும். பொருத்தும்போது மோட்டார் போல்ட்டைத் தளர்வாக விட்டு, நட்டை மோட்டார் பக்கக் கடைசிவரை கொண்டுவந்து, ஸ்க்ரூவைச் சுழற்றிப் பார்த்த பிறகு இறுக்குங்கள். இரண்டு ஷாஃப்ட் முனைகளும் உள்ளே உரசக் கூடாது.

ஸ்டெப்பருக்கு ஏன் பெல்ட் குறைப்பு வேண்டாம்? வேகம் ஏற ஏற அதன் டார்க் (சுழற்று விசை) விழும். 2:1 போட்டால் அதே நகர்வுக்கு மோட்டார் இரட்டை ஆர்பிஎம்மில் ஓட வேண்டும். இரட்டிப்பாகும் டார்க்கில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இடம் போதவில்லை என்றால் மோட்டாரை மடக்கி வைக்க 1:1 பெல்ட் போடலாம். சர்வோ கதை வேறு. 3000 ஆர்பிஎம் வரை டார்க் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். நேரடியாக இணைத்தால் நிமிடத்துக்கு 15 மீட்டர். சின்ன மில்லில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. 2:1-ல் 7.5 மீட்டர், இரட்டை டார்க். மோட்டார் உணரும் சுமையின் நிலைமம் நான்கில் ஒன்றாகிவிடுவதால் டியூனிங்கும் எளிதாகும்.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சில் மட்டும் கவனம். பால் ஸ்க்ரூ எடையில் தானே சுழலும். சர்வோ பிரேக் மோட்டாரில் இருப்பதால், பெல்ட் அறுந்தால் ஹெட் கீழே இறங்கிவிடும். கேஸ் ஸ்பிரிங் போட்டு எடையைச் சமன் செய்யுங்கள், அல்லது பிரேக்கை ஸ்க்ரூ பக்கம் வையுங்கள். இரண்டுக்கும் இடமில்லை என்றால் இசட்டுக்கு மட்டும் பிரேக் உள்ள சர்வோவை நேராகக் கப்ளிங்கில் இணைத்துவிடலாம்.