டோனர்ஸ்சூஸ்: முதல் தடவை தோத்தேன், ரெண்டாவது தடவை கிடைச்சது

நியூஜெர்சில ஒரு பப்ளிக் மிடில் ஸ்கூல்ல ஆறாம் கிளாஸுக்கு சயின்ஸ் எடுக்குறேன், ஒன்பது வருஷம் ஆச்சு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப இங்க டீச்சர் வேலைக்கு வர்றாங்க, வந்த ஒரு மாசத்துல எல்லாரும் கேக்குறது ஒண்ணு தான், "அக்கா, கிளாஸுக்கு வேணும்ங்கிறதை எல்லாம் நம்ம கைக்காசு போட்டு தான் வாங்கணுமா?" பாதிக்கு மேல அப்படித்தான்மா. டாக்ஸ்ல அந்தச் செலவை ஓரளவு கழிச்சுக்கலாம், ஆனா அது வருமானத்துல கழிக்கிறது தானே தவிர அந்தக் காசு அப்படியே கைக்கு வந்துடாது. பென்சில், கலர் பேப்பர் வரைக்கும் சரி, சென்சார், போர்டு, கோடிங்னு டெக்னாலஜி வச்சு ஒரு பாடம் நடத்தணும்னா நம்ம பர்ஸ் தாங்காது. அதனால தான் டோனர்ஸ்சூஸ் பத்தி எழுதுறேன், டீச்சர் கிளாஸுக்கு வேணும்ங்கிறதைக் கேட்டா பொதுமக்கள் காசு போட்டு வாங்கிக் கொடுக்குற சைட் அது. ரெண்டு தடவை அப்ளை பண்ணி ஒரு தடவை தோத்து ஒரு தடவை ஜெயிச்சவங்கிற முறையில சொல்றேன்.

2000ல நியூயார்க் ப்ராங்க்ஸ்ல ஒரு ஹைஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ் எடுத்துட்டு இருந்த சார்ல்ஸ் பெஸ்ட்ங்கிற வாத்தியார் ஆரம்பிச்சது இது. கூட வேலை பாத்தவங்களை ப்ரொஜெக்ட், அதாவது கிளாஸுக்கு என்ன வேணும்னு கேக்குற விண்ணப்பம், எழுத வைக்க தன்னோட அம்மா செய்யுற பேரிக்காய் இனிப்பை ஸ்கூலுக்கு கொண்டு வந்து, சாப்பிட்டவங்க ஆளுக்கு ஒரு ப்ரொஜெக்ட் எழுதித் தரணும்னு கேட்டாராம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஸ்டாஃப் ரூம்ல நடக்குற விஷயம் எப்படின்னு தெரிஞ்ச ஒருத்தர் ஆரம்பிச்சதுன்னு அதுலயே தெரியுது. இன்னைக்கு அமெரிக்கா முழுக்க இருக்குற பப்ளிக் ஸ்கூல் டீச்சர்ஸ் இதுல போடலாம், சார்ட்டர் ஸ்கூலும் உண்டு, பிரைவேட் ஸ்கூல் கிடையாது. 2018 மார்ச்ல ரிப்பிள்னு ஒரு கம்பெனி 29 மில்லியன் டாலர் கொடுத்து அன்னைக்கு சைட்ல காத்துட்டு இருந்த 35,000க்கு மேல ப்ரொஜெக்ட்டை ஒரே நாள்ல முடிச்சு விட்டாங்க, அந்த செய்தியைப் பாத்து தான் எனக்கே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும்.

முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, இதுல பணம் நம்ம கைக்கு வராது. நமக்கு என்ன வேணும்னு அவங்க சைட்ல இருக்குற கடைகள்ல இருந்து கார்ட்ல போடணும், கிளாஸ் பத்தியும் பாடம் பத்தியும் சின்னதா எழுதணும், அவங்க படிச்சுப் பாத்து ஏத்துவாங்க, யார் வேணும்னாலும் அதுக்கு காசு போடலாம். முழுத் தொகையும் சேர்ந்தா அவங்களே பொருளை வாங்கி ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. நாலு மாசத்துக்குள்ள சேரலைன்னா ப்ரொஜெக்ட் முடிஞ்சு போயிடும், போட்டவங்க காசு வேற ப்ரொஜெக்ட்டுக்கு போட்டுக்கிற மாதிரி அவங்க கணக்குக்கு திரும்பிடும். பாதி சேர்ந்தா பாதி சாமான் வருமான்னு கேக்காதீங்க, வராது.

என் முதல் ப்ரொஜெக்ட் ஒரு த்ரீடி பிரிண்டர். அதுக்கான பிளாஸ்டிக் சுருளோட சேர்த்து 1,400 டாலர் கிட்ட வந்துச்சு. ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து எழுதினேன், இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன், எதிர்கால வேலைவாய்ப்பு, புதுமைன்னு பெரிய பெரிய வார்த்தையா போட்டு. நாலு மாசத்துல சேர்ந்தது 210 டாலர், அதுலயும் 100 டாலர் என் வீட்டுக்காரர் போட்டது. அப்ப ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு அதையே திரும்ப எடுத்து படிச்சப்ப தான் புரிஞ்சது, அந்த எழுத்துல எங்கேயும் ஒரு குழந்தை கூட இல்லை. பிரிண்டர் வந்தா திங்கக்கிழமை காலைல மூணாவது பீரியட்ல என்ன நடக்கும்னு ஒரு வரி இல்லை. படிக்கிறவங்களுக்கு நான் ஒரு மெஷினை காட்டினேன், பாடத்தை காட்டலை.

நடுவுல ஒரு ஃபவுண்டேஷனோட பெரிய கிராண்ட்டுக்கும் போட்டேன், பேர் வேண்டாம். பட்ஜெட், மதிப்பீட்டு முறை, பிரின்சிபால் கடிதம், ரெண்டு ரெஃபரன்ஸ், எல்லாம் கொடுத்தேன், அஞ்சு மாசம் கழிச்சு ரெண்டு வரி மெயில் வந்துச்சு, இல்லைன்னு. ஏன் இல்லைன்னு கிடையாது. ஆனா பெரிய கிராண்ட் எல்லாம் வீண்னு நான் சொல்ல வரலை. என்இஏங்கிற டீச்சர்ஸ் யூனியன்ல இருக்குறவங்க என்இஏ ஃபவுண்டேஷன் கிராண்ட் பாக்கலாம், மெக்கார்தி ட்ரெஸ்மேன்ங்கிற கல்வி ஃபவுண்டேஷன்ல வருஷத்துக்கு 10,000 டாலர் வரைக்கும் மூணு வருஷத்துக்கு கேக்கலாம். ஒரு முழு யூனிட்டையே மாத்தி எழுதப் போறீங்கன்னா அங்க போங்க. ஒரு பெட்டி சாமான் இருந்தா இந்த பாடம் நடக்கும்ங்கிற நிலைமைன்னா டோனர்ஸ்சூஸ் தான் சரி.

ரெண்டாவது தடவை எழுதுறப்ப வரிசையை தலைகீழா மாத்தினேன், முதல்ல பாடம், அப்புறம் தான் சாமான். எங்க ஸ்டேட்ல சயின்ஸ் என்ஜிஎஸ்எஸ்ங்கிற பாடத் தரங்கள் படி தான், அதுல எம்எஸ்-இஎஸ்எஸ்2-5னு ஒண்ணு, காற்றுத் திரள்கள் நகர்றதால வானிலை எப்படி மாறுதுன்னு பசங்களே டேட்டா சேர்த்து காட்டணும். "டேட்டா சேர்த்து"ங்கிறது தான் அங்க முக்கியம், ஆனா நாங்க பல வருஷமா புக்ல இருக்குற டேபிளை பாத்து கிராஃப் போட்டுட்டு இருந்தோம். அதையே அப்படியே எழுதினேன், என் பசங்க இதுவரைக்கும் வேற யாரோ எடுத்த வெப்பநிலையை வச்சு தான் படிச்சாங்க, இந்த வருஷம் அவங்க ஸ்கூல் வாசல்ல அவங்களே எடுக்கணும்னு. கேட்டது 12 மைக்ரோபிட் செட் (பசங்க கோட் எழுதி ஓட்டுற, சென்சார் வச்ச குட்டி கம்ப்யூட்டர் போர்டு), கூட பேட்டரி, முதலைக் கிளிப் வயர், நாலு சாதாரண தெர்மாமீட்டர். ரெண்டு பேருக்கு ஒரு போர்டு, 24 பசங்க, ஏன் 12ன்னு யாரும் கேக்க வேண்டியதே இல்லை.

சாமான் 450 டாலர். அதுக்கு மேல பேமெண்ட் ப்ராசஸிங் 1.5 சதவீதம், ஆர்டர் பண்ணி அனுப்புற வேலைக்கு 30 டாலர்னு சேர்த்து 487 கிட்ட வந்துச்சு. இது போக டோனர்ஸ்சூஸ் நடத்துறதுக்குன்னு 15 சதவீதம் காசு போடுறவங்க கிட்ட கேப்பாங்க, அது அவங்க இஷ்டம், வேண்டாம்னா எடுத்துடலாம். சில பேர் இதைப் பாத்து கோவப்படுறாங்க. எனக்கு அது நியாயமா தான் தெரியுது, எவ்வளவு எதுக்கு போகுதுன்னு ஒவ்வொரு ப்ரொஜெக்ட் பக்கத்துலயும் பிரிச்சு போட்டிருக்காங்க, மறைக்கலை. ஆனா 450க்கு 30ங்கிறது ஒண்ணுமில்லை, 120 டாலருக்கு ஒரு சின்ன ப்ரொஜெக்ட் போட்டாலும் அதே 30 தான், அப்ப கொஞ்சம் உறுத்தும். ரொம்ப சின்னதா துண்டு துண்டா போடாதீங்க, 1,000 தாண்டியும் போகாதீங்க, என் அனுபவத்துல ஐநூறு டாலர் பக்கம் வச்சா ஆளுங்க தைரியமா போடுறாங்க, ஏன்னா எவ்வளவு சேர்ந்திருக்குன்னு காட்டுற கோடு அவங்க போடுற 25 டாலர்ல நகர்றது கண்ணுக்கு தெரியுது.

பதினேழு நாள்ல முடிஞ்சது. முதல் 80 டாலர் தெரிஞ்சவங்க, தமிழ்ச் சங்கம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், கேக்கவே கூச்சமா இருந்துச்சு, ஆனா போட்ட அஞ்சு நிமிஷத்துல ஒரு பாட்டி அவங்க பேரன் மூலமா 20 டாலர் அனுப்பினாங்க. மீதி முக்கால்வாசி முகம் தெரியாதவங்க. இடையில ஒரு கம்பெனியோட மேட்ச் வந்துச்சு, அதாவது ஒருத்தர் போடுற ஒவ்வொரு டாலருக்கும் கம்பெனி ஒரு டாலர், அந்த ரெண்டு நாள்ல கடகடன்னு ஏறிடுச்சு. ஐடி கம்பெனில வேலை பாக்குற நம்ம ஆளுங்க உங்க ஆபீஸ்ல டோனேஷன் மேட்ச் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, உங்க 25 அங்க 50 ஆகும்.

காசு சேர்ந்த உடனே ஆர்டர் போயிடாது, சாமான் இன்னும் வேணுமா, அட்ரஸ் சரியான்னு நாம கன்ஃபர்ம் பண்ணனும். லீவு நேரத்துல முடிஞ்சா இதுல கவனமா இருங்க, பூட்டின ஸ்கூலுக்கு பெட்டி வந்து நின்னா யார் பொறுப்பு. எனக்கு அனுப்பின கடைக்காரங்க ஒரு செட்ல யூஎஸ்பி வயர் வைக்காம அனுப்பிட்டாங்க, டோனர்ஸ்சூஸ்க்கு மெயில் போட்டேன், அடுத்த வாரம் வயர் வந்துச்சு, அதுக்கு மேல பேச்சில்லை.

பெரிய தலைவலி அவங்க பக்கம் இல்லை, எங்க பக்கம். பசங்க கிட்ட இருக்குற ஸ்கூல் க்ரோம்புக்ல யூஎஸ்பி சாதனம் எதுவும் ஒட்டாத மாதிரி லாக் பண்ணி வச்சிருந்தாங்க. மேக்கோட்ங்கிற சைட்ல மைக்ரோபிட்டுக்கு கோட் எழுதலாம், ஆனா போர்டுக்குள்ள இறக்க முடியாது. அதை அனுமதிக்க வைக்கிறதுக்கு ஐடி ஆபீஸுக்கு ஆறு மெயில், மூணு வாரம். பன்னெண்டு போர்டும் பீரோவுல, பசங்க தினமும் "மிஸ், இன்னைக்கா?"ன்னு கேட்டுட்டு. அதனால சொல்றேன், எந்த டெக்னாலஜி கிராண்ட்டா இருந்தாலும் அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஐடி ஆள் கிட்ட போய் இந்த சாமான் நம்ம மெஷின்ல ஓடுமான்னு எழுத்துல வாங்கிடுங்க. சில டிஸ்ட்ரிக்ட்ல இப்படி வெளில காசு கேக்கவே முன்அனுமதி வேணும், அதையும் பிரின்சிபால் கிட்ட முதல்லயே கேட்டுடுங்க.

முதல் நாள் வெப்பநிலை எடுத்தப்ப எல்லா மைக்ரோபிட்டும் தெர்மாமீட்டரை விட மூணு நாலு டிகிரி அதிகமா காட்டுச்சு. நான் காரணம் சொல்லலை. ஒரு மணி நேரம் சண்டை. அப்புறம் பின்னாடி பெஞ்ச்ல ஒரு பையன், வருஷம் முழுக்க வாயே திறக்காதவன், போர்டை கன்னத்துல வச்சுப் பாத்துட்டு "இது காத்தை அளக்கலை, தன்னையே அளக்குது"ன்னான். அது தான் விஷயம், அதுல வெப்பநிலை சென்சார் ப்ராசஸருக்குள்ளயே இருக்கு, சிப் சூடும் சேர்ந்து வரும். அப்ப எவ்வளவு கழிக்கணும்னு அவங்களே ஒரு வாரம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குறிச்சு எடுத்தாங்க. புக் டேபிளை வச்சு இந்தப் பாடத்தை நான் எத்தனை வருஷம் நடத்தியிருந்தாலும் அந்த வார்த்தை வந்திருக்காது.

மழை வந்த வாரம் ரெண்டு ஆணியை தோட்டத்து மண்ணுல குத்தி, கிளிப் வயரால மைக்ரோபிட்டோட மாட்டி மண் ஈரம் பாத்தோம். காஞ்ச மண்ல 250 பக்கம் காட்டின நம்பர் மழைக்கு அப்புறம் ஆயிரத்தை தொடுது, வெப்பநிலை மாறின நாள், மண் நனைஞ்ச நாள்னு ரெண்டையும் ஒரே சார்ட்ல ஒட்டினாங்க.

முடிஞ்சதுக்கு அப்புறமும் வேலை இருக்கு. போட்டோ, ஒரு நன்றிக் கடிதம், 50 டாலரும் அதுக்கு மேலயும் கொடுத்தவங்களுக்கு பசங்க கையால எழுதின நோட். போட்டோக்கு பேரன்ட்ஸ் கையெழுத்து முன்னாடியே வாங்கி வைங்க, கடைசி நாள்ல ஓடாதீங்க. இன்னொண்ணு, வந்த சாமான் ஸ்கூலோடது, நம்மளோடது இல்லை, வேற ஸ்கூலுக்கு மாறினா நம்ம இஷ்டத்துக்கு தூக்கிட்டுப் போக முடியாது, கேட்டு தான் எடுக்கணும். எனக்கு அது சரின்னு தான் படுது, காசு போட்டவங்க அந்தப் பசங்களைப் பாத்து தானே போட்டாங்க.

திண்டுக்கல் பக்கம் எய்டட் ஸ்கூல்ல இருக்குற எங்க அக்கா இதைக் கேட்டுட்டு "எங்களுக்கு உண்டாடி?"ன்னு கேட்டா. இது அமெரிக்காவுக்கு மட்டும் தான். அங்க இருக்குறது நிதி ஆயோக்கோட அடல் டிங்கரிங் லேப், 20 லட்சம் வரைக்கும் ஸ்கூலுக்கு வரும், ஆனா ஒரு டீச்சர் தனியா போட முடியாது, ஸ்கூல் தான் போடணும்.

அடுத்த ப்ரொஜெக்ட் இந்த வாரம் ஏத்துறேன், காற்று வேகம் அளக்குற கருவியும் மழைமானியும், 430 டாலர். முதல் வரியை இந்தத் தடவை பசங்களையே எழுதச் சொன்னேன். பன்னெண்டு குரூப்பும் எழுதிக் கொடுத்ததுல எடுத்தது இது: "எங்களுக்கு வெப்பம் எவ்வளவுன்னு தெரியும், மண்ணு நனைஞ்சுதான்னு தெரியும், காத்து எங்கேருந்து எவ்வளவு வேகமா வருதுன்னு மட்டும் இன்னும் தெரியலை."